வானிலைச் செயலியைப் பார்த்தே இரவுகள் கழிகின்றன. கவலையைக் குறைத்து அன்றைய நாளை வாழ்வது எப்படி?

கோரையாற்றுப் பாசனம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் நீடாமங்கலத்துக்கு அருகில் ஐந்து ஏக்கர், எங்கள் ஊர்க் கணக்கில் பதினைந்து மா, சம்பா நெல் சாகுபடி செய்கிறேன். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பின்னர், அப்பாவின் நிலத்தைக் குத்தகைக்கு விட மனமில்லாமல் நானே இறங்கினேன். ஓய்வூதியம் வருவதால் விளைச்சல் போனாலும் அடுப்பு எரியும் என்பது உண்மைதான். இருந்தாலும் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இருக்கிறது, வீட்டு நகை அடகில் இருக்கிறது, மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது பயிர் கதிர் வெளிவந்து பூக்கும் தருணத்தில் நிற்கிறது. இந்த நேரத்தில் பகல் முழுதும் அடைமழை பெய்தால் பூ கழுவப்பட்டுப் பதராகிவிடும். அதைத் தப்பினாலும் தை மாதத்தில், அறுவடைக்கு முன், மழை வந்தால் பயிர் சாய்ந்து மணி தண்ணீரிலேயே முளைவிட்டுவிடும். 2021 சனவரியில் பொங்கலை ஒட்டிப் பெய்த மழையில் எங்கள் பகுதியில் அப்படித்தான் ஆனது. சாய்ந்த கதிரைக் கையில் எடுத்தால் ஒவ்வொரு மணியிலும் வெள்ளை முளை நீட்டிக்கொண்டிருந்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

அதன் பிறகு மார்கழி பிறந்துவிட்டால் எனக்கு இரவில் தூக்கம் பிடிப்பதில்லை. படுக்கும் முன் கைப்பேசியில் வானிலை வரைபடத்தைப் பார்க்கிறேன். நள்ளிரவில் விழிப்பு வந்தால் மீண்டும் பார்க்கிறேன். வங்கக் கடலில் ஒரு சுழற்சி தெரிந்தால் விடியும்வரை அதை நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாப்பிடும்போது என்ன சாப்பிடுகிறேன் என்பது தெரிவதில்லை. பேரன் வந்து மடியில் உட்கார்ந்தாலும் மனம் பத்தாம் தேதி மழையில் இருக்கிறது. "வராத மழைக்கு இப்போதே நனைந்துகொண்டிருக்கிறீர்கள்" என்று என் மனைவி சொல்கிறார்.

நிகழ்காலத்தில் வாழ வேண்டும் என்று பலரும் பேசக் கேட்டிருக்கிறேன். ஆனால் விதை விடும்போதே ஐந்து மாதம் தள்ளி நினைக்க வேண்டிய தொழில் இது. முன்யோசனை இல்லாதவன் விவசாயம் செய்ய முடியாது. அப்படியிருக்க, முன்யோசனை எங்கே முடிகிறது, வீண் கவலை எங்கே தொடங்குகிறது என்பதுதான் என் கேள்வி. பொதுவான ஆறுதல் வேண்டாம். நடைமுறையில் என்ன செய்யலாம் என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மனநல ஆலோசகர், தஞ்சாவூர்

வணக்கம் ஐயா. நீங்கள் கேட்டிருக்கும் எல்லைக்கோடு எங்கள் துறையிலும் முக்கியமானது. முன்யோசனை ஒரு செயலில் போய் முடியும்: வடிகாலைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தீர்கள், ஆள் சொன்னீர்கள், அந்த நினைப்பு அத்துடன் இறங்கிவிட்டது. கவலை அப்படி இறங்குவதில்லை. "மழை வந்துவிட்டால்?" என்று தொடங்கி, "பயிர் சாய்ந்துவிட்டால்?", "கடன் அடையாமல் நின்றுவிட்டால்?", "வரன் தட்டிப்போனால்?" என்று ஒரு கேள்வி அடுத்த கேள்வியைப் பிறப்பித்துக்கொண்டு போகுமே தவிர, எந்த இடத்திலும் விடையோ வேலையோ கிடைக்காது. ஆகவே ஒரு நினைப்பு வந்ததும், "இதற்கு நான் இன்றோ நாளையோ செய்யக்கூடிய வேலை ஏதேனும் இருக்கிறதா?" என்று கேட்டுப்பாருங்கள். இருந்தால் அது முன்யோசனை, எழுதிவைத்துச் செய்துவிடுங்கள். இல்லையென்றால் அதை எத்தனை நேரம் நினைத்தாலும் பயிருக்கு ஒரு பிடி உரம்கூடப் போய்ச் சேராது.

இதைச் சொல்வது எளிது, மனத்தை நிறுத்துவது கடினம் என்று நீங்கள் எண்ணலாம். நிறுத்த முயலவே வேண்டாம். தாமஸ் போர்கோவெக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1983-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். இன்றும் ஆலோசனைகளில் அதைப் பயன்படுத்துகிறோம். நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணி நேரத்தைக் கவலைக்கென்றே ஒதுக்கிவிட வேண்டும். மற்ற நேரங்களில் கவலை தலைகாட்டினால் அதை விரட்டாமல், ஒரு வரியில் குறித்துவைத்து, "உனக்கு மாலை ஐந்து மணிக்கு நேரம் தந்திருக்கிறேன்" என்று தள்ளிவைத்துவிட்டுக் கையில் இருக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும். அந்த அரை மணியில் குறிப்பைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் செய்யக்கூடியது என்ன என்று எழுத வேண்டும். படுக்கையறையை இதற்குத் தேர்ந்தெடுக்காதீர்கள்; உறங்கும் நேரத்துக்கு அருகிலும் வேண்டாம். திண்ணையோ களத்துமேடோ நல்லது. கவலையை அடக்க முயல்பவர்களுக்கு அது இரட்டிப்பாகத் திரும்பி வரும். தள்ளிவைக்க முயல்பவர்கள், மாலையில் அந்தத் தாளை எடுக்கும்போது பாதிக்கு மேற்பட்ட வரிகள் சப்பென்று ஆகியிருப்பதைக் காண்கிறார்கள்.

செயலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பார்த்தவுடன் சில நிமிடம் நிம்மதி கிடைக்கும், பிறகு, "இப்போது மாறியிருக்குமோ?" என்ற ஐயம் எழும், மறுபடி பார்த்தால்தான் அது அடங்கும். இவ்வாறு ஒவ்வொரு முறை பார்ப்பதும் அடுத்த முறை பார்ப்பதற்கான தேவையை உண்டாக்குகிறது. உறுதியற்ற நிலையைத் தாங்கிக்கொள்ளும் பழக்கம் மெல்லத் தேய்ந்துபோகிறது. நீங்கள் தேடுவது மழைச் செய்தி அன்று, உறுதி. அதை எந்தச் செயலியாலும் தர முடியாது.

இன்னொரு தகவல். அளவுக்கு மீறிய பதற்ற நோய் உள்ள 29 பேரைத் தங்கள் கவலைகளை எழுதிவைக்கச் சொல்லி, அவை நடந்தனவா என்று ஒரு மாத காலம் சரிபார்க்கச் செய்த ஓர் அமெரிக்க ஆய்வு 2020-இல் வெளிவந்தது. அவர்கள் அஞ்சியவற்றில் 91.4 விழுக்காடு நடக்கவே இல்லை.

கடனும் கதிரும்

மேலே எழுதிய அம்மையாருக்கு மரியாதையுடன் ஒரு மறுப்பு. அமெரிக்காவில் 29 பேருடைய கவலைகள் பலிக்கவில்லை என்பதைக் காவிரிப் படுகையில் வந்து சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் வேரோடு சாய்ந்தன. 2021 சனவரியில் மழை, 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் அறுவடை நேரத்தில் மீண்டும் மழை. எங்களுடைய கவலைகள் கற்பனையில் பிறந்தவை அல்ல. அவை பலித்தே தீரும் என்பதில்லை, ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பலிக்கத்தான் செய்கின்றன. மாதச் சம்பளம் வாங்குபவர்களுக்கு நிகழ்காலத்தில் வாழ்வது எளிது. அவர்களுடைய எதிர்காலத்தை வேறு யாரோ சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே நான் வேறு வழியாக வருகிறேன். ஐயா அவர்களின் அச்சம் மழையைப் பற்றியதா, மழைக்குப் பிந்தைய கணக்கைப் பற்றியதா? எனக்கு அது கணக்காகத்தான் தோன்றுகிறது. மழையை ஒன்றும் செய்ய முடியாது. கணக்கை ஓரளவு செய்ய முடியும். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பாவுக்கு விவசாயி செலுத்த வேண்டிய பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடுதான். பதிவு பெரும்பாலும் நவம்பர் மத்தியோடு முடிந்துவிடும் என்பதால் நீங்கள் இந்நேரம் செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். செய்திருந்தால் அந்த இரசீதை எடுத்து, சர்வே எண்ணும் பரப்பும் உங்கள் அடங்கலோடு (கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிப் பதிவு) ஒத்திருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். வயல் மூழ்கிய பிறகு கிராம நிர்வாக அலுவலகத்தில் வரிசையில் நின்று பார்க்கிற வேலை அன்று அது. மகசூல் இழப்பு உங்கள் ஒரு வயலை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. குறிப்பிட்ட பரப்பில் நடத்தப்படும் பயிர் அறுவடைச் சோதனைகளின் சராசரியை வைத்தே கணக்கிடுவார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அதனால் இழப்பீட்டை முழுமையாக நம்பிவிடவும் வேண்டாம். 2023-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமடைந்த நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. உழவு, நடவு, உரம் என்று போட்ட காசில் அது ஒரு பகுதியைத்தான் ஈடு செய்தது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேனென்றால், "எல்லாம் போய்விடும்" என்பது எல்லை தெரியாத பயம். உட்கார்ந்து எழுதிப்பார்த்தால், போனால் எவ்வளவு போகும், ஓய்வூதியத்தில் எத்தனை மாதம் இழுத்தால் நகை திரும்பும் என்று ஒரு தொகை கையில் வரும். அந்தத் தொகை பெரிதாகவே இருக்கட்டும்; தொகையாக இருக்கிறதே, அது போதும். கூட்டுறவுச் சங்கத்துக் கடனை உரிய காலத்தில் கட்டினால் வட்டி இல்லை, தவணை தவறினால்தான் வட்டி ஏறும். ஆகவே எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பதும் இப்போதே முடிவு செய்யக்கூடியதுதான். ஆலோசகர் சொன்ன அந்த அரை மணியை நீங்கள் வைத்துக்கொள்ளுவதாக இருந்தால், முதல் மாலையை இந்தக் கணக்குக்குக் கொடுங்கள்.

மேகக்கணிப்பு

நான் வானிலையைப் பொழுதுபோக்காகக் கவனிப்பவன், விவசாயி அல்லேன். நள்ளிரவில் செயலியைப் பார்ப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் பார்க்கும் வண்ண வரைபடங்கள் கடலை நேரடியாகக் காட்டும் படங்கள் அல்ல. பெரிய கணினிகளில் ஓட்டப்படும் கணிப்பு மாதிரிகளின் விடைகள். அமெரிக்க மாதிரி ஒரு நாளைக்கு நான்கு முறை ஓட்டப்படுகிறது. நம் நேரப்படி அதன் தொடக்கக் கணக்குகள் காலை 5.30, முற்பகல் 11.30, மாலை 5.30, இரவு 11.30. ஐரோப்பிய மாதிரியின் முதன்மை ஓட்டங்கள் இரண்டு. ஒவ்வோர் ஓட்டமும் முடிந்து படமாக உங்கள் கைக்கு வரச் சில மணி நேரம் ஆகும். ஆகவே இரவு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இரண்டரைக்கும் நீங்கள் திறந்து பார்த்தது ஒரே விடையைத்தான். ஒரே நாளிதழை மூன்று முறை பிரித்துப் படித்ததற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

அடுத்தது, பத்து நாளுக்குப் பிந்தைய மழை. இன்ன ஊரில் இன்ன தேதியில் இத்தனை மில்லிமீட்டர் என்று அந்தச் செயலிகள் காட்டும் எண்ணுக்கு அவ்வளவு தொலைவில் மதிப்புக் குறைவு. கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகும் வாய்ப்பு இருக்கிறதா என்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளக்கூடாது. அடுத்த ஓட்டத்தில் அதே சுழற்சி இலங்கைக்குத் தெற்கே போய்விடும், அதற்கடுத்ததில் காணாமலே போகும். நீங்கள் பத்தாம் தேதி மழையில் நனைந்துகொண்டிருப்பதாக உங்கள் மனைவி சொன்னார்கள் அல்லவா, அந்தப் பத்தாம் தேதி மழை பெரும்பாலும் கணினிக்குள்ளேயே பெய்து முடிகிற மழை.

ஆகவே இரண்டே இடங்களைப் பாருங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வேளாண் வானிலை அறிக்கை செவ்வாய், வெள்ளி என வாரத்துக்கு இருமுறை மாவட்ட வாரியாக வருகிறது. அதில் ஐந்து நாள் கணிப்போடு பயிருக்கான பரிந்துரையும் இருக்கும். சென்னை மண்டல வானிலை மையத்தின் வண்ண எச்சரிக்கை நாள்தோறும் வருகிறது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் அது கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.5-க்கு மேல் அதிகனமழை. மஞ்சள் எச்சரிக்கைக்குக் கவனம் போதும். ஆரஞ்சு வந்தால் வேலையைத் தொடங்குங்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பார்த்தால் உங்களுக்குத் தெரியாமல் எந்தப் புயலும் வந்துவிடாது.

கோரையாற்றுப் பாசனம்

எழுதிய அனைவருக்கும் நன்றி. காப்பீட்டு இரசீதை எடுத்துப் பார்த்துவிட்டேன். சர்வே எண்களில் உட்பிரிவு ஒன்று விடுபட்டிருக்கிறது, அதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்க வேண்டும். இரசீதைப் பார்க்காமல் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மனைவி சிரித்தார்.

தள்ளிவைக்கும் முறையில் எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. பகலில் தள்ளிவைக்க முடிகிறது. இரவில், நான் பார்க்காமல் தூங்கிவிட்ட நேரத்தில் உண்மையாகவே பெருமழை கொட்டி, மடை அடைத்துக்கொண்டு, காலையில் பயிர் தண்ணீரில் நின்றால் என்ன செய்வது? அந்த ஒரு நினைப்பு போதும், கை தானாகக் கைப்பேசியை எடுக்கிறது. இதை "மாலை ஐந்து மணிக்கு வா" என்று எப்படிச் சொல்வது?

வெண்ணாற்றுக் கடைமடை

தம்பி, நானும் சாகுபடிக்காரன்தான். எழுபதைத் தாண்டிவிட்டேன். தட்டச்சு செய்து கொடுப்பவன் பேரன்.

நீங்கள் கேட்டதற்கு நேராக வருகிறேன். ஒரு கிராமத்தில் முப்பது வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு கைப்பேசியை வைத்துக்கொண்டு முப்பது இராத்திரி விழித்திருப்பதற்குப் பெயர் எச்சரிக்கை அன்று. ஆற்றில் தண்ணீர் குறைவாக வரும்போது முறை வைத்துத்தானே பாய்ச்சுகிறோம்? விழிப்பதற்கும் முறை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வாய்க்காலில் ஆறு பேர் பேசி வைத்திருக்கிறோம். எச்சரிக்கை வந்த இரவுகளில் மட்டும் ஒருவர் மழையைப் பார்த்துக்கொள்வார், வடிகால் மதகில் தண்ணீர் ஏறினால் மற்றவர்களைக் கூப்பிடுவார். மற்ற ஐந்து பேரும் தூங்குவார்கள். எச்சரிக்கை இல்லாத இரவில் ஆறு பேருமே தூங்குவோம். கூப்பிட ஒருவர் இருக்கிறார் என்பது தெரிந்தால் கண் தானாக மூடும்.

இரண்டாவது, இராத்திரி மழையில் நீங்கள் ஓடிப்போய்ச் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். செய்ய வேண்டியதெல்லாம் வெயிலிலேயே செய்ய வேண்டியது. வயலின் தாழ்ந்த மூலை எது என்று உங்களுக்குத் தெரியும். அங்கே வரப்பில் ஒரு வாய் வெட்டி, கட்டையை மட்டும் வைத்து மூடியிருந்தால், மழை வலுக்கும்போது அதை உருவிவிட்டு வரலாம். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று நடந்து பாருங்கள். உங்கள் வயலுக்குக் கீழே மூன்று வயல் தள்ளி அடைப்பு இருந்தாலும் தண்ணீர் உங்களிடம்தான் நிற்கும். ஆகவே பக்கத்துக்காரர்களையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் காலையில் இறங்கிவிடுங்கள். அறுவடை இயந்திரத்துக்கு இப்போதே சொல்லிவைப்பதாக இருந்தால் பெல்ட் வண்டிக்குச் சொல்லுங்கள். ஈர வயலில் டயர் வண்டி புதையும். வாடகை கூடத்தான், ஆனால் மழை பெய்த பிறகு தேடினால் பெல்ட் வண்டி கிடைக்காது.

மூன்றாவதாகச் சொல்வதைக் கொஞ்சம் கோபத்தோடு சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கதிர் வந்த பயிரில் கடைசியாக எப்போது இறங்கிப் பார்த்தீர்கள்? வரப்பில் நின்று பார்ப்பதைச் சொல்லவில்லை. வயலுக்குள் நடந்து, குனிந்து, ஒரு தூரை இரண்டு கையாலும் விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே அடித்தண்டைப் பாருங்கள். இந்தப் பனியும் புழுக்கமும் மாறி மாறி வருகிற மார்கழியில்தான் புகையான் பூச்சி அங்கே உட்கார்ந்திருக்கும். பழுப்பு நிறத்தில், அரிசி மணியைவிடச் சிறியதாக, தூரைத் தட்டினால் தண்ணீரில் உதிர்ந்து குறுக்கே நகரும். மேலே இருந்து பார்த்தால் பயிர் பச்சையாகத்தான் தெரியும். வட்டம் வட்டமாகக் காய்ந்து தீய்ந்ததுபோல் ஆன பிறகு வரப்பிலிருந்து தெரியும், அப்போது ஒன்றும் செய்வதற்கு இல்லை. ஒரு தண்டுக்கு ஒரு பூச்சி என்ற கணக்குக்கு வந்துவிட்டால் தண்ணீரை வடித்து, பயிரை எட்டடிக்கு ஓரடி விலக்கிப் பட்டம் பிரித்துக் காற்றும் வெளிச்சமும் அடியில் போகும்படி செய்ய வேண்டும். தேவைப்பட்டால் வேளாண்மை அலுவலரைக் கேட்டு மருந்து. தழைச்சத்தை அள்ளிப் போட்டிருந்தால் அது இன்னும் பெருகும்.

வராத மழை பயிரை அழித்து நான் பார்த்ததில்லை, தம்பி. பார்க்காமல் விட்ட புகையான் அழித்துப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு என்ன இருக்கிறதோ அதைப் பார்ப்பதுதான் எங்கள் தொழிலில் பெரிய வேலை. நாளைக்கு வருவதைப் பார்ப்பது அதற்கு அடுத்தபடி. காலையில் பனி விலகுவதற்குள் ஒரு சுற்றுப் போய்வந்தால் மத்தியானச் சோறும் ருசிக்கும், இராத்திரி உடம்பும் அசந்துவிடும்.

அமைதிவனம்

பெரியவர் எழுதியதைப் படித்த பிறகு எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. தியானம் பழகுபவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஜான் கபட்-ஸின் 1979-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் நாள்பட்ட வலி உள்ளவர்களுக்காகத் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியில், கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பதோடு, நடக்கும்போது நடப்பதையும், உண்ணும்போது உண்பதையும் கவனிக்கவும் கற்றுத்தருகிறார்கள். பதற்றம் மிகுந்த சிலருக்குக் கண்ணை மூடி உட்கார்ந்தால் கவலை இன்னும் உரத்துக் கேட்கும். அப்படிப்பட்டவர்கள் முதலில் கையால் செய்யும் வேலையில் பழகுவதே நல்லது. சேற்றில் கால் புதைவது, தூரை விலக்கும்போது இலையின் சுணை கையில் உராய்வது, தண்ணீரின் குளிர்ச்சி ஆகியவற்றில் மனத்தை வைத்து நடந்துபாருங்கள். மனம் மழைக்கு ஓடும். ஓடியது தெரிந்ததும் திட்டாமல் காலுக்குக் கொண்டுவாருங்கள். ஓடாமல் இருப்பது நோக்கம் அன்று. எத்தனை முறை ஓடினாலும் திரும்பக் கொண்டுவருவதுதான் பயிற்சி.

ஹார்வர்டில் கில்லிங்ஸ்வர்த், கில்பர்ட் என்ற இருவர் 2,250 பேரிடம் கைப்பேசி வழியாக அவ்வப்போது கேட்டு, 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விழித்திருக்கும் நேரத்தில் கேட்டபோதெல்லாம் 46.9 விழுக்காட்டு முறை மக்களின் மனம் செய்துகொண்டிருந்த வேலையில் இல்லை. என்ன வேலை செய்கிறார்கள் என்பதைக் காட்டிலும் மனம் அதில் இருக்கிறதா என்பதே அவர்கள் மகிழ்ச்சியோடு கூடுதல் தொடர்புடையதாக இருந்தது. அதாவது ஐயாவுக்கு மட்டும் நேர்ந்த குறை அன்று இது.

கடனும் கதிரும்

அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் அனைவரும் ஐபோன் வைத்திருந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். இருந்தாலும் பெரியவர் புகையானைப் பற்றி எழுதியதில் ஒரு சொல்லையும் என்னால் மறுக்க முடியவில்லை. நான் மேலே கணக்கைப் பற்றி எழுதியது முதல் மாலைக்கு. அவர் எழுதியது ஒவ்வொரு காலைக்கும்.

மனநல ஆலோசகர், தஞ்சாவூர்

கடன் பற்றி எழுதிய நண்பரின் மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். அந்த 91.4 விழுக்காடு நோய்நிலையில் உள்ளவர்களைப் பற்றியது. உண்மையான இடரின் நடுவே வாழ்பவருக்கு அதை அளவுகோலாக வைக்க முடியாது. அவருடைய கவலை பலிக்கலாம். பலித்தாலும், இரவெல்லாம் விழித்தது இழப்பை ஒரு மூட்டைகூடக் குறைத்திருக்காது என்பதுதான் நான் நிற்கும் இடம்.

இரவு நினைப்புக்குப் பெரியவர் சொன்ன முறை மிகப் பொருத்தமானது. ஐயா கேட்ட ஐயத்தைப் பொறுத்தவரை, "நான் பார்க்காவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்" என்ற எண்ணமே கையை இழுக்கிறது. பொறுப்பை முறைப்படி வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டால் அந்த இழுப்புத் தளரும். கைப்பேசியைக் கூடத்தில் வைத்து, அழைப்பு மணியை மட்டும் உரக்க வைத்துவிட்டுப் படுங்கள். விழிப்பு வந்து நெடுநேரம் தூக்கம் திரும்பாவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, கண் சொருகும்போது திரும்பிப் படுங்கள். மறுநாள் எழும் நேரத்தை மாற்ற வேண்டாம்.

ஒன்றைத் தவறாமல் கவனிக்க வேண்டும். உங்கள் கவலை மார்கழியில் வந்து அறுவடையோடு போகிறதா, அல்லது அறுவடை முடிந்த பிறகும் வேறொன்றைப் பற்றிக்கொண்டு தொடர்கிறதா? ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் பெரும்பாலான நாள்களில் கவலை விடாமல் இருந்து, அதனுடன் களைப்பு, எரிச்சல், தசைகளில் இறுக்கம், தூக்கக் குறைவு ஆகியவையும் சேர்ந்தால் அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இரவிலும் இயங்கும், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வாழ்வதில் பொருளில்லை என்ற நினைப்பு எந்த வேளையில் வந்தாலும், மாலை ஐந்து மணிக்குத் தள்ளிவைக்காமல் அந்த நிமிடமே அழையுங்கள். இதை ஐயாவுக்காக மட்டும் எழுதவில்லை. படிக்கும் எவருக்கும் பொருந்தும்.

கோரையாற்றுப் பாசனம்

அனைவருக்கும் மீண்டும் வணக்கம். ஆலோசகர் அம்மா கேட்ட கேள்விக்கு விடை: அறுவடை முடிந்தால் எனக்கு இது போய்விடுகிறது. சித்திரையில் நான் நன்றாகத் தூங்குகிறேன். தொடர்ந்தால் அவசியம் காட்டுகிறேன்.

பெரியவர் சொன்னபடி வயலில் இறங்கினேன். கிழக்கு மூலையில், மரநிழல் விழும் இடத்தில், ஒரு பாய் விரிக்கும் அளவுக்குப் புகையான் இருந்தது. மற்ற இடங்களில் தட்டிப் பார்த்தும் விழவில்லை. தண்ணீரை வடித்து, அந்த மூலையில் பட்டம் பிரித்திருக்கிறேன். வேளாண்மை அலுவலர் வந்து பார்த்து, இப்போதைக்கு மருந்து வேண்டாம், சிலந்திகள் நிறைய இருக்கின்றன, பொறுத்துப் பார்க்கலாம் என்றார். இதைப் பார்க்கப் போய், வானத்தைப் பார்க்க மறந்துபோனேன் என்பதை அன்று மாலை திண்ணையில் தாளைப் பிரித்தபோதுதான் உணர்ந்தேன். மழையைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது.

எங்கள் வாய்க்காலில் நான்கு பேர் முறைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் மட்டும், "நான் எப்படியும் விழித்துத்தான் இருப்பேன், எல்லா இரவும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். அவரிடம் இந்த உரையாடலைக் காட்டப்போகிறேன்.

வரைபடச் செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டேன். மேகக்கணிப்பு நண்பரிடம் ஒரு வேண்டுகோள்: எங்கள் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் இங்கே ஒரு வரி எழுத முடியுமா? மஞ்சளுக்கு வேண்டாம்.

மேகக்கணிப்பு

எழுதுகிறேன் ஐயா. ஆரஞ்சோ சிவப்போ வந்தால் தேதி, நேரத்தோடு இங்கே பதிவிடுகிறேன். இருந்தாலும் என்னை மட்டும் நம்ப வேண்டாம். நான் ஊரில் இல்லாத நாளும் இருக்கும். காலையும் மாலையும் மண்டல மையத்தின் அறிக்கையை நீங்களும் ஒரு முறை பாருங்கள். அடுத்த வேளாண் அறிக்கை வெள்ளிக்கிழமை வரும்.